33,040 ரூபாய்க்கு வந்த எரிமலை

என் வீட்டுக்கு 'லஹார்' ஆபத்து இருக்கிறதாம். அறிக்கையின் 11-ஆம் பக்கத்தில் போட்டிருக்கிறது. லஹார் என்றால் எரிமலைச் சாம்பலும் தண்ணீரும் கலந்து மலையிறங்கி வரும் சேற்று வெள்ளம். வீடு இருப்பது நீலகிரியில் கட்டபெட்டுக்குக் கீழே, தேயிலைக்கும் ஓடைக்கும் நடுவில். 63 வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன். இங்கே புகைவது டீ ஃபேக்டரி புகைக்குழாய் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுத வந்தது 'மலைச்சரிவு ஆய்வு' என்று ஒரு சேவையைப் பற்றி. நம் வீடோ மனையோ இருக்கும் சரிவு மழைக்குத் தாங்குமா, இறங்கிவிடுமா என்று ஆள் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். கீழே சமவெளியில் ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் கம்பெனி. 28,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 33,040. பெயர் போடவில்லை. ஆய்வுக்கு வந்த தம்பி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். அவன் சோற்றில் மண் விழுவதில் எனக்கு விருப்பமில்லை.

நான் படித்தவன் இல்லை. 34 வருஷம் டீ ஃபேக்டரி வேலை, அதில் கடைசி 12 வருஷம் டீ மேக்கர். இலையில் ஈரம் எவ்வளவு என்று கையில் பிடித்தே சொல்லிவிடுவேன். மண்ணில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கத் தெரியாமல்தான் இத்தனை வருஷம் மலையில் குடியிருந்திருக்கிறேன்.

மழை பயம் எங்களுக்குப் புதிதில்லை. எங்கம்மா இன்னும் 1993 மரப்பாலத்தைச் சொல்லுவார்; மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டிகளையும் ஆட்களையும் மண் அடித்துக்கொண்டு போன வருஷம் அது. எனக்கு 2009. நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் இறங்கியது, 40 பேருக்கு மேல் போனார்கள். நான் அப்போது ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில், அதாவது வெளியார் இலையை வாங்கி டீ போடும் ஃபேக்டரியில் இருந்தேன். வந்த இலையை அரைக்கக் கரன்ட் இல்லை, ரோடு துண்டானதால் அரைத்ததை அனுப்ப லாரி இல்லை. வாட்டுவதற்காகப் பரப்பி வைக்கும் ட்ரஃபில் கிடந்த இலை தானாகச் சூடேறி, மூன்றாம் நாள் கள்ளு வாடை அடித்தது. அந்த வாடையும் ஈர மண் வாடையும் இன்றைக்கும் எனக்கு ஒன்றாகத்தான் வரும்.

2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போன காலையில் பெங்களூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். "அப்பா, நம்ம வீட்டுக்குப் பின்னாடி அந்த மண் சுவரு எத்தனை அடி?" என்றாள். பன்னிரண்டு அடி. மலையை வெட்டித்தான் இங்கே வீடு கட்ட முடியும், எல்லோரும் அப்படித்தான் கட்டியிருக்கிறோம். வெட்டின இடத்தில் கருங்கல் தடுப்புச் சுவர், அதற்கு மேலே நான்கு சென்ட் சரிவு, அதற்கு மேலே வெளியூர்க்காரர் ஒருவர் காட்டேஜ் கட்டுவதற்காக ஜேசிபி விட்டு வெட்டிய புது மண். அந்த வருஷம் மழை விட்டதும் நடுச் சரிவில் ஒரு விரிசல் பார்த்தேன். இரண்டு விரல் அகலம், பதினான்கு அடி நீளம், பிறை நிலா மாதிரி வளைந்து, இரண்டு நுனியும் வீட்டைப் பார்த்து இறங்கியிருந்தது. ஜேசிபிக்காரரைச் சபித்துக்கொண்டே ஏழெட்டு மாதம் ஓட்டினேன்.

காசு கொடுத்து ஆள் வைப்பதற்கு முன்னால் இலவசமாக என்ன கிடைக்கிறது என்று பார்த்தேன். மாவட்ட நிர்வாகம் அபாயகரமான இடங்கள் என்று 283 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறது. எங்கள் இடம் அதில் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுக்க மண்சரிவு வரைபடம் போட்டிருக்கிறது, ஆனால் அது ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில். அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரைக் கிலோமீட்டர். நாற்பது அடி நீளமுள்ள என் வீடு அதில் கால் மில்லிமீட்டர் வரும், பேனா முனையை விடச் சின்னது. மலை மொத்தமும் எப்படி என்று தெரிந்துகொள்ள அது நல்ல வரைபடம். என் சமையலறைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அதைக் கேட்க முடியாது. தனியாரைத் தேடியது இதனால்தான்.

புக்கிங் வாட்ஸப்பில். பாதிப் பணம் முன்கூட்டி. சீசன் நேரம் என்பதால் இரண்டு தடவை தேதி மாறி, 19 நாள் கழித்துதான் வந்தார்கள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், மே மாதத்தில் எங்கள் ரோட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

வந்தவன் ஒரே ஆள். முப்பது வயது இருக்கும், மண்ணியல் படித்த பையன், முதுகில் பை, கையில் சுத்தியல். காபி கொடுத்தோம், குடிக்கவில்லை. வீட்டையும் பார்க்கவில்லை. நேராக மேலே ஏறினான். காட்டேஜைத் தாண்டி, அதற்கு மேலிருந்த தேயிலையைத் தாண்டி, ரிட்ஜ் வரைக்கும் போனான். அப்புறம் இறங்கி எங்களைக் கடந்து கீழே ஓடை வரைக்கும் போனான். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் என் வாசலுக்கு வந்தான். என் வீட்டம்மா காதோடு சொன்னாள்: "நம்ம வீட்டுக்கா வந்தாரு, இல்ல தோட்டம் வாங்க வந்தாரா?"

வழியெல்லாம் அவன் கேட்டது ஒரே கேள்விதான். தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுது. காட்டேஜ் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, பழைய தோட்டக் கால்வாய் இருந்ததே அதை எங்கே மூடினார்கள், ஓடையில் மழை விட்டு எத்தனை மணி நேரம் கலங்கல் வரும். சில்வர் ஓக் மரங்களைக் காட்டினான். அடிமரம் வில் மாதிரி கீழ்ப்பக்கம் வளைந்து, அப்புறம் நிமிர்ந்து வளர்ந்திருந்தது. "மண்ணு மெதுவா நகர்ந்துட்டே இருக்கு ஐயா, மரம் நிமிர்ந்து நிமிர்ந்து பாக்குது" என்றான். அந்த மரங்களின் நிழலில்தான் நாற்பது வருஷமாக நடக்கிறேன். கோணல் மரம் என்று மட்டும் தெரியும்.

பிறகு ஜேசிபி வெட்டிய இடத்தில் மண்ணை அடுக்கடுக்காகக் காட்டினான். மேலே கறுப்பு மண் ஒரு முழம். அதன் கீழ் செம்மண்ணும் சரளையும். அதற்கும் கீழே மஞ்சளும் வெள்ளையும் ரோஸும் கலந்த ஒரு மண், தொட்டால் சோப்பு மாதிரி. 'லித்தோமார்ஜ்' என்று பெயராம். எங்கள் மலைப் பாறை சார்னோகைட். 250 கோடி வருஷப் பழசு. அது மக்கி மக்கி, பாறையாகவும் இல்லாமல் மண்ணாகவும் இல்லாமல் நடுவில் நிற்கும் களிதான் இது. மழைத் தண்ணீர் மேல்மண் வழியாகக் கடகடவென்று இறங்கிவிடும், இந்தக் களியில் வந்து நின்றுவிடும். நின்ற தண்ணீர் மேல்மண்ணைத் தூக்கிப் பிடிக்கும். அப்புறம் வழுக்கும்.

இதைச் சொல்லிக்கொண்டே அந்தக் களியில் ஒரு கைப்பிடி எடுத்து, இறுக்கிப் பிடித்து, விரலைத் திறந்தான். உருண்டை அப்படியே நின்றது. கட்டை விரலால் லேசாக அமுக்கினான். உடையவில்லை, பளபளவென்று ஈரம் மேலே வந்தது. நான் அசந்துவிட்டேன். வாட்டின இலையை நாங்கள் பார்ப்பது இதே மாதிரிதான். ஒரு கைப்பிடி இலையைப் பந்தாகப் பிடித்து விடுவோம். உடனே விரிந்துகொண்டால் இன்னும் பச்சை, மெதுவாக விரிந்தால் பதம், விரியாமலே கிடந்தால் அதிகமாக வாடிவிட்டது. "தம்பி, இது எங்க வேலை" என்றேன். சிரித்தான். அதற்கப்புறம்தான் காபி குடித்தான்.

இனி சொட்டு நீலம் ஊற்றிப் பார்த்த கதைக்கு வருகிறேன். இந்த ஒரு காரியத்துக்கே 33,040-இல் பாதி தகும்.

விரிசல் பக்கத்தில் எங்கள் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். மோட்டாரை மறந்துவிட்டால் நிரம்பி வழியும், வழிந்த தண்ணீர் குழாய் வழியாக அப்படியே தரையில் விழும். வருஷக்கணக்காக அப்படித்தான். தம்பி வீட்டம்மாவிடம் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கேட்டான். இரண்டு பக்கெட் தண்ணீரில் கலக்கி, அந்த வழியல் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றச் சொன்னான். மோட்டாரையும் போட்டு வழிய விட்டோம். கீழே போய்த் தடுப்புச் சுவருக்கு முன்னால் மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். சுவரில் தண்ணீர் வடிய வைத்த ஓட்டைகள் ஆறு. ஆறையும் கொத்தனார் 'நீட்டா இருக்கட்டும்' என்று சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார். பூசச் சொன்னது நான். நாற்பது நிமிஷம் ஆனது. ஓட்டைகளில் ஒன்றும் வரவில்லை. சுவரின் அடிக்கல்லுக்கும் தரைக்கும் நடுவே, சமையலறைக் கதவுக்கு நேராக, பாசி படிந்த இடத்தில், மெல்லிசாக ஒரு நீலக் கோடு இறங்கியது.

அதாவது, என் டேங்க் தண்ணீர் விரிசலுக்குள் போய், மண்ணுக்குள் தனக்கென்று ஒரு குழாய் தோண்டிக்கொண்டு, சுவருக்குப் பின்னால் நிரம்பி, போக வழியில்லாமல் அஸ்திவாரத்தைக் குடைந்து வெளியே வருகிறது. ஜேசிபிக்காரரைத் திட்டின வாய் மூடிக்கொண்டது. அவர் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பது இறங்கும், அவர் வெட்டின மண்ணை வேறு கீழ்ப்பக்கமே கொட்டியிருந்தார், அந்தச் சுமை என் தலைமேல். ஆனால் பாதிக் கணக்கு என்னுடையது.

கடைசியாகத்தான் வீட்டுக்குள் வந்தான். யார் எந்த அறையில் படுப்பீர்கள் என்று கேட்டான். பின்னறையில் எங்கம்மா, 84 வயது, கோல் பிடித்துத்தான் நடப்பார். ராத்திரி எழுந்து வாசலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு, நடக்கவும் வைத்துப் பார்த்தான். மூன்று நிமிஷம். அந்த அறைக்கும் மண்சுவருக்கும் நடுவே ஐந்து அடிதான் இடைவெளி. "சரிவை சரி பண்றதுக்கு லட்சக்கணக்குல ஆகும் ஐயா, அதை மெதுவா யோசிக்கலாம். பாட்டி கட்டிலை இன்னைக்கே முன்னறைக்கு மாத்திடலாம்" என்றான். மண் விழுவது ஒரு விஷயம், விழுந்தால் அங்கே யார் இருப்பார் என்பது இன்னொரு விஷயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து எவ்வளவு என்று தெரியும் என்று விளக்கினான். அம்மா மாட்டேன் என்றார். அந்த அறைதான் அடுப்படி ஒட்டின அறை, கதகதப்பாக இருக்கும். டிவியை முன்னறைக்கு மாற்றினோம், கட்டில் தானாகப் பின்னாலேயே வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்த விமர்சனம் நாலு வரிதான். பதினைந்து நாள் கழித்து அறிக்கை வந்தது. 46 பக்கம், கலர் படங்கள், அட்டையில் என் பெயர். ஒன்பதாம் பக்கத்திலிருந்து எரிமலை.

லஹார் பாதையிலிருந்து தூரம். சாம்பல் விழுந்தால் கூரை தாங்குமா. எரிமலை வாயிலிருந்து வீடு எத்தனை கிலோமீட்டர் (இந்தக் கட்டம் காலி). வேறு ஏதோ நாட்டு மலைக்குப் போட்ட அறிக்கையை எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் பிரஷர் மாத்திரை கொடுத்த மாதிரி. மாத்திரை நல்ல மாத்திரைதான், எனக்கானதில்லை.

சும்மா இருக்க முடியாமல் அந்தப் பக்கங்களை மகளை வைத்துப் படித்துப் பார்த்தேன். எரிமலை நாட்டில் அது வேண்டாத கேள்வி இல்லை. கொலம்பியாவில் 1985 நவம்பர் 13 ராத்திரி நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. வெடிப்பு பெரிதில்லை. உச்சியிலிருந்த பனி உருகி, சேறாகத் திரண்டு, பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, ஆர்மெரோ என்ற ஊரையே மூடியது. செத்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். அந்த ஊர் சேறு வரும் வழியில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்னாலேயே தயாராகியிருந்தது. நிகராகுவாவில் 1998 அக்டோபர் 30-ஆம் தேதி காசிட்டா என்ற மலை; அதுவும் எரிமலைதான், ஆனால் அன்று வெடிக்கவே இல்லை. மிட்ச் புயல் மழைக்கு ஒரு பக்கம் அறுந்து இறங்கி இரண்டாயிரம் பேர் போல அடித்துக்கொண்டு போனது. எரிமலை மண் அடுக்குகள், சூட்டிலும் ஆவியிலும் வெந்து களியாகிப்போன பாறை, செங்குத்தான சரிவு, அடிவாரத்தில் ஊர். அங்கே கூரை கனம், பள்ளத்தாக்கு தூரம், வாயிலிருந்து எவ்வளவு என்றெல்லாம் கேட்டே ஆக வேண்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருப்பது சரிவும் மழையும் களியும். அந்த மூன்றையும் பற்றி அறிக்கையில் இருந்தது ஒன்றரைப் பக்கம்.

என் கோபம் எரிமலை இருந்ததற்காக இல்லை. நீலம் இல்லாததற்காக. ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்கியது, சில்வர் ஓக், மூடின ஓட்டைகள், அம்மாவின் மூன்று நிமிஷம், எதுவுமே அறிக்கையில் கிடையாது. மழைக் கணக்கு என்று போட்டதில் கேத்தியும் இல்லை, 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டின அவலாஞ்சியும் இல்லை. தம்பி கையால் எழுதின நோட்டுப் புத்தகத்தை ஆபீஸில் யாரும் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்தது.

அதைவிடப் பெரிய தப்பைக் கண்டுபிடித்தது மகள்தான். அறிக்கையில் 'பாதுகாப்புக் காரணி 1.18' என்று தடித்த எழுத்தில் ஒரு எண். மண்ணைப் பிடித்து நிறுத்தும் பலத்தை, கீழே இழுக்கும் பலத்தால் வகுத்தால் வருவது இது. ஒன்றுக்குக் கீழே போனால் சரிந்துவிடும், ஒன்றுக்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி. "அப்பா, இதைக் கணக்குப் போட மண்ணோட பலம் தெரியணும். அதுக்கு மண்ணை எடுத்து லேப்ல சோதிக்கணும். உங்க மண்ணை எடுத்துட்டுப் போனாங்களா?" என்றாள். இல்லை. லேப் சோதனைக்குத் தனியாக 6,500 ஆகும் என்றார்கள், நான் அப்போது வேண்டாம் என்றேன். அப்படியானால் அந்த 1.18 யார் வீட்டு மண்? அந்த நாட்டுச் சாம்பல் மண்ணின் எண்ணை எங்கள் களிக்கு ஒட்டியிருக்கிறார்கள். எரிமலை என்று எழுதினதைப் பார்த்து சிரித்துவிட்டுப் போகலாம். இந்த எண்ணைப் பார்த்து ஒருவர் 'ஒன்றுக்கு மேலேதானே இருக்கு' என்று பின்னறையில் நிம்மதியாகத் தூங்குவார்.

ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். எடுத்த அம்மணி, "சார், அது ஸ்டாண்டர்ட் ஃபார்மேட்" என்றார். எரிமலை எங்கே இருக்கிறது என்று ஃபார்மேட்டில் போட்டிருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். அன்றைக்கு ராத்திரி தம்பியே கூப்பிட்டான். குரலில் வெட்கம். திட்டவில்லை, திட்ட மனசு வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் சொன்னான், எனக்கு அது பிடித்திருந்தது. நீலகிரியின் உயரமான பகுதியில், சோலையும் புல்வெளியும் இருக்கும் பக்கம், மேல்மண் எரிமலைச் சாம்பல் மண் மாதிரியே நடந்துகொள்கிறதாம். கறுப்பாக, லேசாக, தண்ணீரை ஏகத்துக்கும் குடித்து வைத்துக்கொள்ளும். 'ஆண்டோசால்' என்று அந்த மண்ணுக்குப் பெயர். உலகத்தில் பெரும்பாலும் எரிமலைப் பக்கம் இருப்பது. எரிமலையே இல்லாத நம் மலையில் அது இருப்பதை மண்ணியல்காரர்கள் 2000-ஆம் ஆண்டில் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். குளிரிலும் ஈரத்திலும் இலை தழை மக்கி, மண்ணிலுள்ள அலுமினியத்தோடு பிணைந்து அப்படி ஆகிறதாம். "அதுக்காக ஆபீஸ்ல பண்ணது சரின்னு சொல்லல ஐயா" என்று அவனே முடித்தான்.

திருத்தின அறிக்கை 24 நாள் கழித்து வந்தது. லேப் சோதனையை ஆபீஸ் செலவிலேயே செய்து கொடுத்தார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 22 பக்கம். நீலம் இருந்தது, போட்டோவோடு. காரணி காய்ந்த மண்ணுக்கு 1.4, முழுக்க நனைந்த மண்ணுக்கு 1.05. ஈரத்தில் எவ்வளவு இறங்குகிறது பாருங்கள். முதலில் சொன்ன 1.18 இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ தொங்குகிறது. எத்தனை மழை பெய்தால் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஒரு எண் கேட்டேன், தம்பி தரமாட்டேன் என்றான். காய்ந்த மண்ணில் பெய்யும் பத்து சென்டிமீட்டரும், ஒரு வாரம் நனைந்து ஊறின மண்ணில் பெய்யும் பத்து சென்டிமீட்டரும் ஒன்றில்லையாம். மழைமானி வைத்து தினம் எழுதச் சொன்னான். ஃபேக்டரியில் அதை எழுதின கைதானே, அது சிரமமில்லை. புவியியல் ஆய்வுத் துறையின் 'பூஸ்கலன்' செயலியையும் போனில் போட்டுக் கொடுத்தான். அதில் வரும் எச்சரிக்கை பகுதிக்குத்தான், வீட்டுக்கு இல்லை, ஆனால் ராத்திரி படுக்கப் போவதற்கு முன் பார்த்துவிட்டுப் படுக்கிறேன். திருத்தின அறிக்கையிலும் 'கடற்கரையிலிருந்து தூரம்: பொருந்தாது' என்று ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

செய்து முடித்தவை: டேங்க் வழியல் குழாயை நீட்டி, சிமென்ட் ஓடையில் கொண்டுபோய் விட்டேன், மொத்தம் 1,150 ரூபாய். சுவரின் ஆறு ஓட்டையையும் கடப்பாரையால் திறந்தோம். நாலாவது ஓட்டையைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் ஒரு பக்கெட் அளவு கொட்டியது, வீட்டம்மா செருப்பு அதில் போயிற்று. விரிசலில் களி அடைத்து, திமிசு போட்டு இறுக்கி, மேலே தார்ப்பாய். காட்டேஜ்காரரிடம் அறிக்கையின் இரண்டு பக்கத்தைக் கொடுத்தேன். "சீசன் முடியட்டும்ண்ணே, மண்ணை எடுத்துடறேன்" என்றார். சீசன் முடிந்துவிட்டது. மண் அங்கேயே இருக்கிறது. மலையில் ஜேசிபி இறக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அடுத்த பேச்சு அதைப் பற்றித்தான்.

மார்க் கேட்பவர்களுக்கு: நேரில் வந்து பார்த்ததற்குப் பத்துக்கு ஒன்பது. முதல் அறிக்கைக்கு ஒன்று, அதுவும் அட்டைக்கு. திருத்தினதற்கு ஆறு. நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால், வரப்போகிறவர் உங்கள் எல்லைக்கு மேலேயும் கீழேயும் நடப்பாரா என்று முதலில் கேளுங்கள். வீட்டை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு டேப் பிடிப்பவர் என்றால் வேண்டாம். லேப் சோதனையை என்னைப் போல மிச்சம் பிடிக்காதீர்கள். அறிக்கை வருவதற்கு முன்னால் அவருடைய கையெழுத்து நோட்டை உங்கள் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சண்டை போட உதவியது அதுதான். பாக்கிப் பணத்தை அறிக்கையைப் படித்த பிறகு கொடுங்கள். நான் அட்டையைப் பார்த்தே ஜிபே பண்ணிவிட்டேன்.

விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இரும்பு முளை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான் தம்பி. நடுவில் டேப் பிடித்து ஞாயிறுதோறும் அளக்க வேண்டும். முதல் நாள் 71 சென்டிமீட்டர் 2 மில்லிமீட்டர். பதினோரு ஞாயிறு ஆகிவிட்டது, ஆடிச் சாரலும் போய்விட்டது, நேற்றும் 71.2 தான். ஒரு வாரம் மட்டும் 71.4 வந்தது, பதறிப்போய்த் தம்பிக்குப் படம் அனுப்பினேன், டேப்பை யார் பிடித்தது என்று கேட்டான். பேரன். திரும்ப அளந்தோம். ஐப்பசி மழை முடிந்ததும் எண்ணை இங்கேயே எழுதுகிறேன்.